'பித்தன்' நடத்திய கவர்னர்!

கவர்னர் ஆகணும்னா எந்த கோர்ஸ்ல சேரணும்?

சிரிக்காதீங்க மக்களே... சீரியஸா யோசிச்சுப் பாருங்க. கலெக்டர் ஆக யு.பி.எஸ்.சி. இருக்கு. வி.ஏ.ஓ. ஆகக்கூட குரூப் 4 எழுதணும். கவர்னருக்கு மட்டும் என்ட்ரன்ஸும் இல்லை, கோச்சிங் சென்டரும் இல்லை. அரசியல் சட்டத்தோட 157-வது பிரிவு ரெண்டே ரெண்டு தகுதியைத்தான் கேட்குது. இந்தியக் குடிமகனா இருக்கணும், 35 வயசு முடிஞ்சிருக்கணும். அவ்வளவுதான்! நம்ம அரியர் கணக்கை யாரும் தோண்டமாட்டாங்க.

அமெரிக்காவில் கதையே வேற. அங்கே மாநில கவர்னர்னா நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி. வீடு வீடா ஓட்டுக் கேட்டு ஜெயிச்சுத்தான் வரணும். நிலக்கடலைத் தோட்டத்துக்காரர் ஜிம்மி கார்ட்டர் 1966-ல் ஜார்ஜியா மாநில கவர்னர் போட்டியில் தோத்துப் போனார். விடாமல் மறுபடி நின்னு 1971-ல் கவர்னர் ஆனார். அடுத்த ஆறு வருஷத்தில் ஜனாதிபதி! பஞ்சாபிலிருந்து போன குடும்பத்தில் பிறந்த நிக்கி ஹேலி 2011-ல் தென் கரோலினா கவர்னர். ஆக, அங்கே கவர்னர்னா அதிகாரத்தோட ஆரம்பம். இங்கே பெரும்பாலும் ஒரு நீண்ட பயணத்தோட கடைசி ஸ்டாப்.

அப்படி ஒரு பயணத்தைத்தான் இந்த வாரம் பார்க்கப்போறோம். ஆள் நம்ம கொங்கு மண்ணுதான்!

ஒரு சின்ன ஜி.கே. போனஸ். மும்பை ராஜ்பவனுக்கும் நம்ம ஏரியாவுக்கும் ஏதோ ஒரு பந்தம் இருக்கு. திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலத்து டாக்டர் பி. சுப்பராயன் 1962-ல் மகாராஷ்டிர கவர்னர். 2024-ல் அதே பதவிக்குப் போய், 2025 செப்டம்பரில் துணை ஜனாதிபதி ஆன சி.பி. ராதாகிருஷ்ணன் திருப்பூர்க்காரர். அவிநாசியில் பஸ் ஏறினா அரை மணி நேரத்தில் போயிடலாம். இந்த ரெண்டு பேருக்கும் நடுவில், 1990-ல் அங்கே போனவர் ஒருத்தர் இருக்கார். அவர்தான் சி. சுப்பிரமணியம். சுருக்கமா, சி.எஸ்.

'அட, பசுமைப் புரட்சி ஆளுதானே? ஒன்பதாங்கிளாஸ்ல ரெண்டு மார்க் கேள்வி!'ங்கறீங்களா? அந்த ரெண்டு மார்க்குக்குள்ளே அடங்காத விஷயம் ஒண்ணு இருக்கு. இவர் நாற்காலியில் உட்கார்ந்த கதையைவிட, எழுந்து வந்த கதைங்க இன்னும் சுவாரஸ்யம்.

செங்குட்டைப்பாளையம் டூ சென்னை

1910 ஜனவரி 30. பொள்ளாச்சி பக்கத்தில் செங்குட்டைப்பாளையம்ங்கற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் சி.எஸ். இதே ஊரில் பிறந்தவர்தான் இவரோட உறவினர் சுவாமி சித்பவானந்தர். திருப்பராய்த்துறை ராமகிருஷ்ண தபோவனத்தை உருவாக்கினவர். ஒரு சின்ன ஊரிலிருந்து ஒருத்தர் சாமியாராப் போய்ப் பள்ளிக்கூடங்கள் கட்டினார், இன்னொருத்தர் வெள்ளை வேட்டியோட மந்திரிசபைக்குப் போனார். சித்பவானந்தரோட தாக்கம் சி.எஸ்.ஸிடம் கடைசிவரை இருந்தது.

ஊரிலிருந்து கிளம்பி சென்னை மாநிலக் கல்லூரி. எடுத்த மேஜர் என்ன தெரியுமா? பிசிக்ஸ்! அப்புறம் சட்டக் கல்லூரி. 1932-ல் வக்கீல் பட்டம் கையில். ஆனா உடனே கருப்புக் கோட்டு மாட்டலை. காலேஜ் நாட்களிலேயே சட்ட மறுப்பு இயக்கத்தில் இறங்கிட்டார். கோயமுத்தூரில் வக்கீல் தொழிலை ஆரம்பிச்சது 1936-ல்தான். நடுவில் நாலு வருஷ 'கேப்'. இன்னிக்கு இன்டர்வியூவில் ஹெச்.ஆர். முகத்தைச் சுளிச்சு, 'ஒய் திஸ் கேப்?'னு கேட்டிருப்பாங்க!

1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம். சி.எஸ். ஜெயிலுக்குப் போனார். வயசு 32. வக்கீல் தொழில் சூடு பிடிக்கவேண்டிய நேரத்தில் கம்பி எண்ணிட்டு இருந்தார்.

அந்த கேங்!

இனிமேதான் நம்ம ஏரியா. அதாவது காலேஜ், கேங், கலாட்டா...

படிக்கிற காலத்தில் சி.எஸ்.ஸும் நண்பர்களும் சேர்ந்து 'வனமலர்ச் சங்கம்'னு ஒண்ணு தொடங்கினாங்க. கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பத்திரிகையும் நடத்தினாங்க. பேரு என்ன தெரியுமா... 'பித்தன்'! இப்ப நாம நம்ம வாட்ஸ்அப் குரூப்புக்கு 'மென்டல் பசங்க'ன்னு பேர் வைக்கலையா? ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முந்தியே அதே லொள்ளு!

கேங்ல யார் யார் இருந்தாங்கன்னு பாருங்க. ஈரோடு மொடக்குறிச்சி பக்கத்துப் பெரியசாமித் தூரன். பின்னாளில் தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியர். பத்துத் தொகுதி! அந்த வேலையில் இருபது வருஷத்தைக் கரைச்சவர். கர்நாடகக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக் கேட்டு நீங்க தலையாட்டியிருந்தா, அதில் ஒண்ணாவது தூரன் எழுதினதா இருக்கும். அடுத்து ஓ.வி. அழகேசன். பின்னாளில் மத்திய மந்திரி. இவர் பேரை மனசில் குறிச்சு வைங்க, திரும்ப வருவார். இன்னும் கே.எஸ். ராமசாமிக் கவுண்டர், பின்னாளில் நீதிபதியான பழனிசாமி.

ஒரே கேங்ல கவர்னர், மந்திரி, நீதிபதி, கலைக்களஞ்சிய ஆசிரியர்! பத்திரிகை ஆரம்பிச்சபோது இது எதுவுமே அவங்களுக்குத் தெரியாது. கையில் காசு இல்லை. சொல்றதுக்கு விஷயம் இருந்தது. அவ்வளவுதான்.

கவர்னரை யார் தேர்ந்தெடுக்கணும்?

சி.எஸ். அரசியல் நிர்ணய சபை உறுப்பினராவும் இருந்தார். அங்கே நடந்த ஒரு விவாதம் நம்ம சப்ஜெக்டுக்கு ரொம்ப முக்கியம்.

முதல் வரைவில் இந்தியாவிலும் கவர்னர்களை அமெரிக்கா மாதிரி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம்னு ஒரு யோசனை இருந்தது. 1949 மே மாசம் விவாதம் வந்தப்போ அதைத் தூக்கிட்டாங்க. லாஜிக் சிம்பிள். முதலமைச்சரும் மக்கள் ஓட்டில் வந்தவர், கவர்னரும் மக்கள் ஓட்டில் வந்தவர்னா, 'நான் பெருசா, நீ பெருசா'ன்னு முட்டிக்கும். அதனால் கவர்னரை ஜனாதிபதி நியமிப்பார்னு முடிவாச்சு. அதுதான் 155-வது பிரிவு. ஜனாதிபதி விரும்பும் வரைதான் பதவி. அது 156.

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26 அன்னிக்கு, சி.எஸ்.ஸுக்கு 40 வயசு ஆக நாலு நாள் பாக்கி. அந்தச் சபை எழுதி வச்ச நாற்காலியில் தானே போய் உட்காருவோம்னு அன்னிக்கு நினைச்சிருப்பாரா!

93 - 41

1952-ல் ராஜாஜி மந்திரிசபையில் சி.எஸ். அமைச்சர். 1954-ல் குலக்கல்வித் திட்டத்துக்கு வந்த எதிர்ப்பில் ராஜாஜி விலகினார். அடுத்த முதல்வர் யார்? காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டாங்க. ஒரு பக்கம் காமராஜர். இன்னொரு பக்கம் ராஜாஜி தரப்பில் சி.எஸ். அவர் பேரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம்.

ரிசல்ட்: காமராஜர் 93, சி.எஸ். 41. படுதோல்வி!

சாதாரணமா இதுக்கப்புறம் என்ன நடக்கும்? நம்ம காலேஜ் செகரட்டரி எலெக்‌ஷனையே எடுத்துக்குங்க. தோத்தவன் கேண்டீனில் தனி டேபிள் போட்டுடுவான். ஜெயிச்சவன் கல்ச்சுரல்ஸ் கமிட்டியில் அவன் பேரையே சேர்க்கமாட்டான்.

காமராஜர் அப்படிச் செய்யலை. எதிர்த்து நின்ன சி.எஸ்.ஸையும், முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் கூப்பிட்டுத் தன் மந்திரிசபையில் சேர்த்தார். மொத்தமே எட்டுப் பேர் கொண்ட சின்ன மந்திரிசபை அது. காமராஜரோட பெருந்தன்மையை எல்லா மேடையிலும் சொல்றாங்க. சரிதான். ஆனா அழைப்பு வந்ததும் 'ஈகோ' பார்க்காமல் போய் வேலை பார்த்த இன்னொரு ஆளைப் பத்தி யாரும் பேசறதில்லை.

சி.எஸ். கையில் கல்வித் துறை வந்தது. குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டதும், மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவ ஆரம்பிச்சதும் அவர் கல்வி அமைச்சரா இருந்த காலத்தில்தான். ராஜாஜியோட ஆளா நின்னு தோத்தவர், ராஜாஜி திட்டத்தையே மூட்டை கட்டின அரசில் கல்வி அமைச்சர். அரசியல்ங்கறது சில நேரம் இப்படித்தான். 1962 வரை பத்து வருஷம் சென்னையில் அமைச்சரா இருந்தார். கல்வி, நிதி, சட்டம்னு மாறி மாறிப் பொறுப்பு.

யாருக்கும் வேண்டாத இலாகா

1962-ல் பொள்ளாச்சியிலிருந்து எம்.பி. ஆகி டெல்லி போனார். நேரு மந்திரிசபையில் எஃகுத் துறை. 1964-ல் நேரு மறைந்து லால் பகதூர் சாஸ்திரி வந்ததும், சி.எஸ்.ஸுக்குக் கிடைச்சது உணவு, விவசாயம். அன்னிக்கு அரசியல்வாதிகள் அலறி ஓடின இலாகா அது. போனவங்க எல்லாம் பேர் கெட்டுத்தான் திரும்பினாங்க.

ஏன்? அதைச் சேவூர் பக்கத்திலிருக்கற எங்க அப்பாருகிட்ட கேட்டேன். 1965-ல் அவருக்குப் பதினேழு வயசு.

"அப்பெல்லாம் அரிசிச் சோறுங்கறது நோம்பிக்கு நோம்பி தான் சாமி. ரேசன் கடைல சிகப்பா மைலோச் சோளம் போடுவாங்க. அமெரிக்காவுல இருந்து வந்ததும்பாங்க. களி கிண்டுனா தொண்டைல எறங்காது."

"அதையுமா வரிசைல நின்னு வாங்குனீங்க, அப்பாரு?"

"பின்ன? நின்னாத்தான் உண்டு கண்ணு. கடைசி ஆளுக்குச் சாக்குத்தான் மிச்சமிருக்கும்."

அப்பாரு சொன்னதை நாட்டுக் கணக்கில் பார்க்கலாம். 1964-65-ல் இந்தியாவோட மொத்த உணவு தானிய விளைச்சல் 8 கோடியே 94 லட்சம் டன். அடுத்த வருஷம் மழை பொய்ச்சது. 7 கோடியே 23 லட்சம் டன்னாச் சரிஞ்சுபோச்சு. 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் இறக்குமதி. பெரும்பகுதி அமெரிக்காவோட 'பி.எல். 480' திட்டத்தில் வந்தது. கப்பல் எப்ப கிளம்பும்ங்கறதை வாஷிங்டனில் ஜனாதிபதி ஜான்சன் முடிவு பண்ணுவார். நம்மகிட்ட கோபம்னா கப்பல் லேட். சாஸ்திரியே மக்களிடம், 'வாரத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்க'ன்னு கேட்டுக்கிட்டார்.

குட்டைக் கோதுமை: ஒரு மெக்கானிக்ஸ் கிளாஸ்

இங்கேதான் பிசிக்ஸ் படிச்ச மூளை வேலை செய்தது. நிலத்தை நீட்ட முடியாது. அப்ப ஒரு ஏக்கரில் விளையறதைக் கூட்டணும். நம்ம பாரம்பரியக் கோதுமை நல்ல உயரம். உரம் போட்டா கதிர் கனமாகும். கனமான தலை, உயரமான மெல்லிய தண்டு... காத்தடிச்சா என்ன ஆகும்?

முதல் வருஷ மெக்கானிக்ஸ் பேப்பரை ஞாபகப்படுத்துங்க! ஒரு முனை மட்டும் தரையில் பதிஞ்ச கம்பம். வளைக்கிற மொமென்ட்னா விசையைத் தூரத்தால் பெருக்கணும். உயரம் கூடக் கூட அடித்தண்டில் விழற மொமென்ட் கூடும். பயிர் அப்படியே படுத்துடும். விளைஞ்சதெல்லாம் மண்ணுக்கு. அப்ப தீர்வு? தண்டைக் குட்டையாக்கு!

ஜப்பான் நாட்டுக் குட்டை ரகம் ஒண்ணோட குணத்தைக் கலந்து, மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கின கோதுமை அதைத்தான் செய்தது. எவ்வளவு உரம் போட்டாலும் நிமிர்ந்து நிக்கும். இந்தியாவில் அதைச் சோதிச்சுப் பார்த்த விஞ்ஞானிகளில் முக்கியமானவர் எம்.எஸ். சுவாமிநாதன். கும்பகோணத்துக்காரர், ஆனா விவசாயம் படிச்சது நம்ம கோயமுத்தூர் வேளாண் கல்லூரியில்! கூடவே வேளாண் செயலாளர் பி. சிவராமன். மந்திரி, அதிகாரி, விஞ்ஞானி மூணு பேரும் ஒரே திசையில் இழுத்தாங்க. தேர் நகரணும்னா அது வேணும்ல? அவிநாசிக்காரங்களுக்கு நான் சொல்லணுமா என்ன!

எதிர்ப்பும் பலமா இருந்தது. வெளிநாட்டு விதையா, இவ்வளவு உரத்துக்கு அந்நியச் செலாவணி எங்கேன்னு நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியே கேட்டார். 'பணக்கார விவசாயிக்குத்தான் இது லாபம்'னு இடதுசாரிகள் சொன்னாங்க. சி.எஸ். என்ன பண்ணினார்? டெல்லியில் தன்னோட மந்திரி பங்களாப் புல்வெளியை உழுது, அதே கோதுமையை விதைச்சார். வந்து பாருங்கன்னு கூப்பிட்டார். பவர்பாயின்ட் இல்லாத காலத்து டெமோ!

1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்து இறங்கியது. அதுக்கு முன்னாடியே, 1965-ல், இந்திய உணவுக் கழகம் தொடங்கியாச்சு. அதோட முதல் ஆபீஸ் தஞ்சாவூரில். விளைச்சல் கூடினா விலை சரிஞ்சு விவசாயி சாகக்கூடாதேன்னு, நியாய விலையைச் சிபாரிசு செய்ய வேளாண் விலைக் குழுவும் அதே வருஷம். வெறும் விதை மட்டும் இல்லைங்க, விதை, விலை, கொள்முதல்னு ஒரு முழு சிஸ்டத்தையே டிசைன் பண்ணியிருக்காங்க.

பிப்ரவரி 11

இந்த வேலை எல்லாம் நடுவில் இருக்கும்போதே வந்தது 1965 ஜனவரி 26. இந்தி ஆட்சிமொழி ஆகற நாள். தமிழ்நாடு கொதிச்சது. தெருவில் இறங்கினது யார்? நம்ம சீனியர்ஸ்தான். கல்லூரி மாணவர்கள். தீக்குளிப்பு, துப்பாக்கிச் சூடு, காலவரையில்லாமல் மூடின கல்லூரிகள்...

டெல்லியில் மந்திரியா இருக்கற தமிழர் என்ன செய்யணும்? உள்ளே இருந்து பேசணுமா, வெளியே வரணுமா?

பிப்ரவரி 11. சி.எஸ். ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அதே நாளில் இன்னொரு தமிழ் மந்திரியும் கொடுத்தார். யாரு? ஓ.வி. அழகேசன்! ஆமா, அதே 'பித்தன்' கேங் அழகேசன்தான். ஒண்ணாப் பத்திரிகை நடத்தினவங்க, நரைச்ச வயசில் ஒரே நாளில் நாற்காலியை விட்டு எழுந்தாங்க.

அன்னிக்கு ராத்திரியே சாஸ்திரி வானொலியில் பேசினார். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பற வரைக்கும் ஆங்கிலம் தொடரும்னு, நேரு கொடுத்த உறுதியைத் திருப்பிச் சொன்னார். ரெண்டு பேரோட ராஜினாமாவும் ஏற்கப்படலை, பதவியில் தொடர்ந்தாங்க.

ஆனா தமிழ்நாட்டின் கோபம் அதோட அடங்கலை. மறுநாள், பிப்ரவரி 12, பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. சி.எஸ்.ஸோட சொந்த மண், சொந்தத் தொகுதி. அந்த ரத்தத்தை ராஜினாமாக் கடிதம் துடைக்கலை. அது 1967 தேர்தலில் தெரிஞ்சது. தி.மு.க. அலையில் காங்கிரஸ் மாநிலத்தில் ஆட்சியை இழந்தது. சி.எஸ்.ஸும் தோத்தார்.

இப்ப டைமிங்கைப் பாருங்க. 1964-65-ல் 1 கோடியே 23 லட்சம் டன்னா இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-ல் 1 கோடியே 65 லட்சம் டன். வட இந்தியாவில் மூட்டை அடுக்க இடம் இல்லைன்னு பள்ளிக்கூடங்களைத் திறந்து விட்ட சீசன். 1968 ஜூலையில் 'கோதுமைப் புரட்சி'ன்னு தபால்தலை வெளியிட்டாங்க. அதை விதைச்ச மந்திரி அன்னிக்கு எம்.பி.கூட இல்லை. பரீட்சையை எழுதினவர் ஒருத்தர், ரிசல்ட் வந்தப்போ ஹாலில் இருந்தவர் வேறொருத்தர்!

எழுந்துக்காத நாற்காலி

இதுவரைக்கும் படிச்சதில் ஹீரோ இமேஜ் வந்திருக்கும். கொஞ்சம் பொறுங்க...

1974 அக்டோபரில் இந்திரா காந்தி மந்திரிசபையில் சி.எஸ். நிதி அமைச்சர். எகிறிக் கிடந்த விலைவாசி அவர் காலத்தில் இறங்கியது. கிராமத்துக்காரங்களுக்குக் கடன் கொடுக்க வட்டார கிராம வங்கிகள் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது அப்போதான். ஆனா அதே 1975 ஜூன் 25 ராத்திரி எமர்ஜென்சியும் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவங்க விசாரணை இல்லாமல் ஜெயிலில். பத்திரிகைக்குத் தணிக்கை. 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டு அரசைக் கலைச்சாங்க. எதை வச்சு? கவர்னர் அனுப்பின அறிக்கையை வச்சு!

காலேஜ் வயசில் 'பித்தன்' நடத்தினவர், பத்திரிகைக்குத் தணிக்கை போட்ட மந்திரிசபையில் கடைசிவரைக்கும் இருந்தார். 1965-ல் எழுந்தவர் 1975-ல் எழுந்துக்கலை. ஏன்? உள்ளே இருந்தா நல்லது செய்யலாம்னு நினைச்சிருக்கலாம். எல்லாரும் சொல்ற காரணம்தான் அது. ஆனா 'மிசா'வில் உள்ளே இருந்தவங்க குடும்பத்துக்கு அந்தக் காரணம் போதுமா? எனக்குப் போதலை. இவரைப் பிடிச்சதாலேயே இதைச் சொல்லாமல் விடக்கூடாதுன்னு தோணுது.

பசுமைப் புரட்சிக்கும் இன்னொரு பக்கம் இருக்கு. பஞ்சாபில் நிலத்தடி நீர் அதலபாதாளம். மண்ணில் உரமும் பூச்சிமருந்தும் ஏறிப்போச்சு. அந்த விதைகள் முதல்ல போனது தண்ணி இருந்த ஊர்களுக்குத்தான். நம்ம அவிநாசி மாதிரி வானம் பார்த்த பூமிக்கு என்ன கிடைச்சது? கம்பும் சோளமும் தட்டிலிருந்து மறைஞ்சது. அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதே 2024 ஆகஸ்டில்தான். பசியைத் தீர்த்த திட்டம் எல்லாரோட தாகத்தையும் தீர்க்கலை. ரெண்டும் உண்மை.

80 வயசில் ராஜ்பவன்

1979-ல் சரண்சிங் அரசில் கொஞ்ச காலம் பாதுகாப்பு அமைச்சர். அதுக்கப்புறம் ஏறக்குறைய பத்து வருஷம் பெரிய பதவி எதுவும் இல்லை. 1990 பிப்ரவரியில், வி.பி. சிங் ஆட்சியில், மகாராஷ்டிர கவர்னர். வயசு 80! மலபார் ஹில், மூணு பக்கமும் கடல், கொடி, சல்யூட்... அந்த வயசில் யாரா இருந்தாலும், 'அப்பாடா'ன்னு சாஞ்சு உட்காரத்தான் தோணும்.

1993 ஜனவரி. பிரதமர் நரசிம்ம ராவ் செயல்படற விதத்தைப் பத்தி சி.எஸ். தனிப்பட்ட பேச்சில் விமர்சனமாச் சொன்ன ஒரு கருத்து, பத்திரிகையாளர் காதில் விழுந்து அச்சில் வந்துடுச்சு. பாபர் மசூதி இடிப்புக்கு அடுத்து மும்பையே கலவரத்தில் எரிஞ்சிட்டிருந்த நேரம். டெல்லியில் சலசலப்பு. சி.எஸ். ராஜினாமா செய்துட்டு வெளியே வந்தார். 83 வயசு ஆக மூணு வாரம் பாக்கி.

ஜனாதிபதி விரும்பும் வரைதான் பதவின்னு 156-வது பிரிவு சொல்றதைப் பார்த்தோம்ல? அந்தச் சட்டத்தை எழுதின சபையில் இருந்தவருக்கு அதோட அர்த்தம் நல்லாவே தெரிஞ்சிருந்தது.

1998-ல் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7-ல், 90 வயசில் சென்னையில் மறைந்தார்.

சரி, நமக்கு என்ன?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. எல்லார் பேச்சும் ஒண்ணுதான்... எந்தக் கம்பெனி, எவ்வளவு பேக்கேஜ். அதாவது, எந்த நாற்காலி. தப்பில்லைங்க. வீட்டில் எஜுகேஷன் லோன் காத்துக்கிட்டிருக்கு, எனக்கும்தான்.

ஆனா உட்காரக் கத்துக்கொடுக்க ஆப்டிட்யூட் கிளாஸ் இருக்கு, மாக் இன்டர்வியூ இருக்கு. எப்ப எழுந்துக்கணும்ங்கறதுக்கு எந்த சிலபஸும் இல்லை. நாளைக்கு நீங்க கையெழுத்துப் போடற டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'நம்பரைக் கொஞ்சம் மாத்தி எழுது'ன்னு மேனேஜர் சொல்வார். கட்டற பாலத்தில் கம்பியைக் குறைக்கச் சொல்வாங்க. அன்னிக்கு என்ன பண்ணுவீங்க? 1965-ல் செய்தது மாதிரியா, 1975-ல் செய்தது மாதிரியா? ஒரே மனுஷனுக்கே ரெண்டு தடவை ரெண்டு விதமா விடை வந்திருக்குன்னா, இது ஈஸியான கேள்வி இல்லைன்னு புரியுதுல்ல?

ஒண்ணு மட்டும் கவனிச்சேன். 1965-ல் எழுந்தப்போ அவர் தனியா இல்லை. பக்கத்தில் அழகேசன் இருந்தார். அந்த நட்பு டெல்லி மந்திரிசபையில் உண்டானது இல்லை. காசு இல்லாமல், பேர் இல்லாமல், பித்தன்கள் மாதிரி ஒரு பத்திரிகைக்காக அலைஞ்ச நாளில் உண்டானது.

பக்கத்து பெஞ்சைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. பிட்டு பாஸ் பண்ற ஃப்ரெண்டு நிறையப் பேர் கிடைப்பாங்க. 35 வருஷம் கழிச்சு, உங்ககூடச் சேர்ந்து அதே நாளில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கற ஃப்ரெண்டு அதில் யாருன்னு இப்பவே கண்டுபிடிச்சு வைங்க. கூடவே ஏதாவது பைத்தியக்காரத்தனமா ஒண்ணு ஆரம்பிங்க மக்களே!

அடுத்த வாரம் சந்திப்போம்... வரட்டுங்களா?